ஆடியில் யாரும் பார்க்காத வீடு

வீடு வாங்கப்போகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்டால் ஒன்றுதான் சொல்வேன்: ஆடி மாதம் போய்ப் பாருங்கள். கேட்டவர் முகம் சுருங்கிவிடும். "ஆடியிலயா? வெளங்குமா?" என்பார். அதற்கு மேல் என்னிடம் பேச்சு வைத்துக்கொள்ள மாட்டார்.

ஆனால் எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் விஷயமே அங்கேதான் இருக்கிறது. வீடு பார்ப்பது, அட்வான்ஸ் கொடுப்பது, பத்திரம் பதிவது, பால் காய்ச்சுவது எல்லாம் தையில் ஆரம்பித்து வைகாசியோடு முடிந்துவிடும். ஆனி பிறந்ததும் மேற்கு மலையிலிருந்து காற்று இறங்கும். ஆடியில் அது பைக்கில் போகிறவனைப் பக்கவாட்டில் தள்ளும். ஒரு வீட்டின் உண்மையான குணம் தெரிகிற மாதம் அது. அந்த மாதத்தில் நல்ல காரியத்துக்கு ஒருவரும் வாசல்படி தாண்ட மாட்டார்கள். நல்ல நாள் பார்த்து வந்து, நல்ல முகத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். பெண் பார்க்கப் போகும்போதாவது பெண் எப்படிக் கோபப்படும் என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்போம்.

நானும் அப்படித்தான் வாங்கினேன். உத்தமபாளையத்தின் மேற்கு ஓரம், கடைசித் தெரு, கடைசி வீடு. அதற்கு அப்பால் வயல், வயலுக்கு அப்பால் மலை. தை மாதத்துச் சாயங்காலம் ஒன்றில் போய்ப் பார்த்தோம். என் மனைவி நேராக அடுப்படிக்குப் போய் மேற்கு ஜன்னலைத் தள்ளித் திறந்தாள். மலை அப்படியே நீலமாக நின்றது. ஜன்னல் கட்டையில் கையை வைத்தவள் வெகுநேரம் எடுக்கவில்லை. "காத்தோட்டமான வீடு சார், ஃபேனே போட வேணாம்" என்றார் புரோக்கர். அந்த மனிதர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சலாக வருகிறது.

பிறகு வாஸ்து பார்ப்பவர் ஒருவரைக் கூட்டிப்போனோம். திசைகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மூலையாக நின்றார். குபேர மூலை சரி, அக்கினி மூலை சரி, எல்லாம் அமைந்த வீடு என்றார். எல்லாத் திசையையும் பார்த்தவர், காற்று எந்தத் திசையிலிருந்து வரும் என்று மட்டும் பார்க்கவில்லை. அதை அவர் பார்க்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

ஆனி வந்தது. முதலில் வாசல் கேட் ஆடத் தொடங்கியது. பிறகு மாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி கழன்று உருண்டது. கொடியில் காயப்போட்ட என் வேட்டி அடுத்த தெருவில் ஒரு வீட்டு முருங்கை மரத்தில் கிடைத்தது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஜன்னல்கள் எல்லாம் தள்ளித் திறக்கிற அலுமினிய ஜன்னல்கள். அந்தத் தண்டவாளப் பள்ளத்துக்குள் காற்று நுழைந்ததும் ஒரு ஊளை கிளம்பும் பாருங்கள், பகலெல்லாம் நிற்காது. பேச வேண்டுமானால் கத்த வேண்டும். அடுப்புத் தீ ஒரு பக்கமாகப் படுத்துக்கொள்ளும். தட்டில் சோற்றைப் போட்டு உட்கார்ந்தால் பல்லில் மண் கடிக்கும்.

பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் இருக்கிறார். ஊர் உறவில் என்னை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று என் அவஸ்தையை ஒரு வாரம் வேடிக்கை பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்பாக மாப்ள. இது இன்னும் ஆனிதான்."

"வாங்குறதுக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?"

"நீங்க கேக்கவே இல்லையே."

ஆடி முதல் வெள்ளிக்கிழமை என் மனைவி சாமி அலமாரியில் விளக்கேற்றினாள். அணைந்தது. மறுபடி ஏற்றினாள். அதுவும் அணைந்தது. நான் ஓர் அட்டையால் மறைத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்படியும் சுடர் படபடவென்று அடித்துக்கொண்டு செத்தது. அவள் தீப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஆடி வெள்ளியும் அதுவுமா வெளக்கு நிக்க மாட்டேங்குது. இந்தச் சத்தத்துல மண்டை பொளக்குது. நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேங்க. ஆடி கழிச்சு வாரேன்."

அவளுடைய அம்மா வீடு வடுகபட்டி. பெரியகுளத்துப் பக்கம், மலை அணைத்த ஊர், இந்த அளவுக்குக் காற்று கிடையாது. மாமியார் அங்கே தனியாக இருந்தார்கள். மறுநாள் காலையில் நானே பஸ் ஏற்றிவிட்டேன். வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது எனக்கு அவமானமாக இருந்தது. வாழ்நாள் உழைப்பைப் போட்டு வாங்கிய வீட்டில் பெண்டாட்டி இருக்க முடியாமல் ஓடுகிறாள் என்றால் அது என்ன வீடு? அன்றைக்கே முடிவு செய்தேன். அவள் ஓர் ஆடியையாவது இந்த வீட்டில் நிம்மதியாகக் கழிக்க வேண்டும். விளக்கு அணையாமல் நிற்க வேண்டும். அதற்கு என்ன செய்ய வேண்டுமோ செய்வது.

நான் மோட்டார் பம்புக் கடையில் வேலை பார்க்கிறவன். விற்பதும் நான்தான், தோட்டங்களுக்குப் போய்ப் பழுது பார்ப்பதும் நான்தான். சும்மா உட்காரத் தெரியாத கை. இப்போது வீட்டுக்குள்ளேயே ஒரு பழுது கிடைத்துவிட்டது. அதன் பிறகு நான்கைந்து வருஷம் அந்த வீட்டில் திருப்புளி கையில் இல்லாமல் என்னை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

முதல் வருஷம் சிலிக்கான் பசை. துப்பாக்கி மாதிரி ஒன்றில் மாட்டி, ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு, ஒயர் போகிற ஓட்டை என்று கண்ணில் பட்டதையெல்லாம் அடைத்தேன். கதவுக்கு அடியில் ரப்பர் பட்டை ஒட்டினேன். அடுத்த ஆனியில் சத்தம் முன்னைவிட மோசமாகிவிட்டது. பெரிய ஓட்டையில் காற்று இரைகிறது, சின்ன ஓட்டையில் அழுகிறது. அடைப்பதென்றால் முழுசாக அடைக்க வேண்டும், அரைகுறையாக அடைப்பதற்குச் சும்மா இருக்கலாம். இதைப் பசை விற்றவன் சொல்ல மாட்டான்.

அடுத்த வருஷம் மொட்டை மாடிக்குத் தகர ஷீட் போட்டேன். வெயிலும் தணியும், தொட்டியும் பத்திரம் என்று கணக்கு. போட்டது சரி, மேற்குப் பக்கத்தைத் திறந்துவிட்டு மற்ற மூன்று பக்கத்தையும் மூடினேன். எனக்கு மாடியிலிருந்து மலை தெரிய வேண்டுமாம். காற்று உள்ளே புகுந்து வெளியே போக வழி தெரியாமல் ஒரு ஷீட்டைப் பிய்த்துக்கொண்டு போய்க் கிழக்கே காலி மனையில் போட்டது. அந்த நேரம் அங்கே ஆள் இல்லை, ஆடு மாடு இல்லை, ஏதோ புண்ணியம். நம் பக்கம் ஷீட் போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மேற்கை மூடுங்கள், கிழக்கைத் திறந்து விடுங்கள், திருகாணியைத் தகரத்தில் மட்டும் இறக்காமல் கீழே இரும்புச் சட்டத்தோடு கொக்கி போட்டு இழுத்துக் கட்டுங்கள். மலையை வாசலில் நின்று பார்த்துக்கொள்ளலாம், அது எங்கேயும் போய்விடாது.

அதற்கடுத்த வருஷம் காம்பவுண்டுச் சுவரை உயர்த்தினேன். காற்று சுவரில் மோதி நின்றுவிடும் என்று நினைத்தேன். அது சுவரை ஏறிக் குதித்து, இந்தப் பக்கம் முற்றத்தில் விழுந்து சுழன்றது. முன்பெல்லாம் மேற்கிலிருந்து மட்டும் வந்த மண், இப்போது நான்கு பக்கமும் வந்தது. அன்றைக்கு நான் திட்டிய திட்டு கண்டக்டர் வீடு வரைக்கும் கேட்டிருக்கிறது.

ஒவ்வொரு வருஷமும் ஆடி பிறந்தால் என் மனைவி பையை எடுத்துவிடுவாள். ஆனிக் காற்றைப் பொறுத்துக்கொள்வாள். ஆவணியில் திரும்பி வந்தபின் அடிக்கிற காற்றையும் பொறுத்துக்கொள்வாள். சொல்லப்போனால் ஆவணிக் காற்றும் ஒன்றும் லேசானதில்லை. ஆடி மட்டும் ஆகாது. அவள் பை அடுக்குகிற வேகத்தைப் பார்த்தால் எனக்குப் பொசுக்கென்று இருக்கும். என்னைச் சபித்துக்கொண்டாவது போகலாம், வாய்க்குள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போவாள்.

"என்ன மாப்ள, புதுப்பொண்ணு ஆடிக்குக் கெளம்பிருச்சு போல?" என்பார் கண்டக்டர். "சீர் செனத்தி ஏதும் வந்துச்சா? மாப்ளைக்கு மோதிரம் கீதிரம்?"

தெருவே சிரிக்கும். கல்லூரி விடுதியில் இருக்கிற பையனுக்குத் தாயாகிய ஒருத்தி, கல்யாணமான புதுசில் போகிற மாதிரி ஆடிக்குத் தாய்வீடு போகிறாள் என்றால் சிரிக்கத்தானே செய்வார்கள். அவளும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். எனக்கு மட்டும்தான் சிரிப்பு வராது.

நடுவில் போன் செய்தால் மாமியார் எடுப்பார்கள். "அவ இங்கன இருக்கட்டும் மாப்ள. இப்பத்தான் தலைவலி கொஞ்சம் கொறைஞ்சிருக்கு. நீங்கதான் பாவம், சாப்பாட்டுக்கு என்ன செய்றீகளோ" என்பார்கள். பின்னால் பூண்டுத் தோல் சலசலக்கிற சத்தம் கேட்கும். வடுகபட்டி பூண்டு யாவாரம் நடக்கிற ஊர். கடைக்காரர்களிடம் மூட்டை வாங்கிவந்து வீட்டில் உட்கார்ந்து ஆய்ந்து கொடுப்பது மாமியாருக்கு வழக்கம். தாயும் மகளும் அந்த மாதம் முழுக்கப் பூண்டுக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து ஓயாமல் பேசிக்கொண்டிருப்பார்கள். ஆவணி பிறந்து அவள் வரும்போது கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கும், விரலெல்லாம் பூண்டு மணக்கும். வந்ததும் நான் அந்த வருஷம் செய்துவைத்த வேலைகளை ஒவ்வொன்றாகக் காட்டுவேன். "நல்லாத்தான் இருக்கு" என்பாள். அந்தத் 'தான்' எனக்கு உறுத்தும். மறுபடியும் திருப்புளியை எடுத்துவிடுவேன்.

போன ஆடியில் ஒரு நாள் ஒரு கொடிக்காலுக்குப் பம்பு பழுது பார்க்கப் போனேன். வெற்றிலைத் தோட்டத்தைத்தான் எங்கள் பக்கம் கொடிக்கால் என்போம். ரோட்டில் நிற்க முடியாத காற்று. குனிந்து உள்ளே நுழைந்தேன், காதில் யாரோ பஞ்சை வைத்து அடைத்த மாதிரி இருந்தது. கொடி படர்வதற்காக நெருக்கி நட்ட அகத்தி மரங்கள். மேலே உச்சி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது, கீழே வெற்றிலை அசையவில்லை. பாக்கெட்டிலிருந்து தீப்பெட்டியை எடுத்து ஒரு குச்சியை உரசினேன். விரல் சுடுகிற வரைக்கும் நின்று எரிந்தது. இத்தனை வருஷமாக இதே தோட்டங்களுக்கு வந்து போகிறவனுக்கு இது எப்படிக் கண்ணில் படாமல் போனது என்று தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. சுவர் காற்றை மறிக்கிறது, மரம் அதைச் சலித்து விடுகிறது.

அன்றைக்குச் சாயங்காலமே அகத்தி விதை வாங்கினேன். மேற்குச் சுவரை ஒட்டி உள்பக்கம் இரண்டு வரிசை, நெருக்க நெருக்கமாக. ஆவணியில் அவள் வந்தபோது கணுக்கால் உயரம் நின்றது. "வீட்டச் சுத்தி கீரைத் தோட்டமா?" என்று கேட்டாள். "அடுத்த ஆடிக்குப் பாரு" என்றேன்.

தை மாதத்தில் மாமியார் இறந்துபோனார்கள். காலையில் பூண்டு ஆய உட்கார்ந்தவர்கள் அப்படியே சாய்ந்துவிட்டார்கள். காரியமெல்லாம் முடிந்ததும், கோயம்புத்தூரில் வேலை பார்க்கிற மைத்துனன் வடுகபட்டி வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டான். பூட்டிப் போட்டால் வீடு பாழாகிவிடும் என்பது அவன் நியாயம். நியாயம்தான், நானும் அதையே சொல்லியிருப்பேன். என் மனைவி தன் அம்மாவின் முறம் ஒன்றையும், வீட்டில் மிஞ்சிக் கிடந்த பூண்டில் ஒரு சாக்கையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

பங்குனியில் ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டாள். "இந்த ஆடிக்கு நான் எங்க போறது?"

பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டேன். அவள் இங்கே இருக்க வேண்டும் என்றுதான் நான் இத்தனையும் செய்தேன். இப்போது இருக்கத்தான் போகிறாள். வேறு போக்கிடம் இல்லாமல் இருக்கப் போகிறாள். அது எனக்கு வேண்டியதில்லை. போக்கிடம் இல்லாதவளை இந்த ஊளைக்கு நடுவே உட்கார வைத்தால் நான் என்ன மனுஷன் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. ஆடிக்குள் முடித்தாக வேண்டும். கடையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் வேலையை ஆரம்பித்துவிடுவேன்.

மேற்குப் பக்கத்து அலுமினிய ஜன்னல்கள் அத்தனையையும் கழற்றினேன். பழைய மரச் சாமான் கடையில் தேடிப் பிடித்து, நிலையில் பள்ளம் வெட்டிய மரக் கதவு ஜன்னல்கள் வாங்கிவந்தேன். சாத்தினால் கதவு அந்தப் பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், இடுக்கு என்பதே இருக்காது. ஆசாரி இழைத்துக் கொடுக்க, கொத்தனார் நிலையைப் பூசிக் கொடுத்தார். வாசலுக்கு நேரே ஆள் உயரத்துக்கு ஒரு மறைப்புச் சுவர், நடுநடுவே செங்கல் இடைவெளி விட்டு. உயர்த்திய காம்பவுண்டை மறுபடி இறக்கினேன். கேட்டுக்கு ரப்பர் கட்டை. கண்டக்டர் தினமும் வந்து நின்று பார்ப்பார். "வீட்டை மட்டும்தான் மாப்ள நீங்க இன்னும் தூக்கித் திருப்பி வைக்கல" என்றார். முடிந்திருந்தால் அதையும் செய்திருப்பேன். அகத்தி அதற்குள் என் தலைக்கு மேல் போய்விட்டது.

ஆனி வந்தது, காற்றும் வந்தது. அகத்தி உச்சிகள் கிழக்கே சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தன. வீட்டுக்குள் கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது. நம்ப முடியாமல் வெளியே போய்ப் பார்த்தேன், சட்டை பறந்தது. உள்ளே வந்தேன், கடிகாரம் கேட்டது. சின்னப் பிள்ளை மாதிரி நாலைந்து தடவை உள்ளேயும் வெளியேயும் நடந்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

ஆடி முதல் வெள்ளி சாயங்காலம் விளக்கேற்றினாள். நான் பின்னால் நின்றேன். பரீட்சை முடிவுக்கு நிற்கிற பையனுக்குக்கூட அவ்வளவு படபடப்பு இருக்காது. சுடர் நிமிர்ந்து நின்றது. அசையவே இல்லை. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்வாள் என்று காத்திருந்தேன். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"என்னாச்சு? தலைவலியா?"

"இல்லங்க."

"சத்தம் ஏதும் கேக்குதா?"

"அதான் கேக்கவே இல்லையே." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு விளக்கைப் பார்த்தபடியே சொன்னாள். "இந்தச் சத்தமெல்லாம் எனக்கு மொத வருசத்தோட பழகிப்போச்சுங்க. தலைவலியும் இல்ல, ஒண்ணும் இல்ல."

எனக்கு விளங்கவில்லை. "பெறகு ஏன் வருசா வருசம் போன?"

"எங்கம்மாகூட ஒரு மாசம் இருக்கத்தான். வேற என்னத்துக்கு? அம்மாகூட இருக்கணும் போல இருக்குன்னு இந்த வயசுல ஒருத்தி சொன்னா ஆரு விடுவாக? வீட்ல சண்டையாம்பாக. நீங்களே, எங்கம்மாவ இங்கன கூட்டிட்டு வந்து வச்சுக்கச் சொல்லுவீக. அது அம்மா வீட்டுக்குப் போறது ஆகுமா? காத்துன்னு சொன்னா எல்லாரும் சிரிச்சிட்டு விட்டுருவாக."

"அத்தைக்குத் தெரியுமா இது?"

"அம்மாதான் சொல்லிக் குடுத்தது. தலைவலின்னு போன்ல நான் சொல்லிக்கிறேன், நீ பேசாம இருடீன்னு."

மாமியார் எனக்காகப் பாவப்பட்ட பாவமெல்லாம் காதில் வரிசையாகக் கேட்டது. சிரிப்பு வந்தது. சிரிக்கத் தொடங்கிய மாத்திரத்தில் அது பாதியில் நின்றது. இத்தனை வருஷம் நான் ஓட்டை ஓட்டையாகத் தேடி அடைத்தது அவள் அம்மா வீட்டுக்குப் போகிற வழியை.

"சொல்லிருக்கலாம்ல. நான் விட்டிருப்பேன்."

"விட்டிருப்பீக" என்றாள். "ஒரு வருசம்."

விளக்கு இருந்த அலமாரிக் கதவைச் சாத்தினாள். அடுப்படிக்குப் போனாள். மேற்கு ஜன்னலின் கொண்டியை நீக்குகிற சத்தம் கேட்டது. நான் போய்ப் பார்த்தபோது மரக் கதவை ஒரு விரற்கடை திறந்து, இடுக்கில் தீப்பெட்டியைச் செருகி வைத்திருந்தாள். அந்த இடுக்கு வழியே காற்று நுழைந்து, மெல்லிசாக ஊளையிட்டது. அகத்தியைத் தாண்டி வந்த காற்று. என் கை தன்னால் சட்டைப் பையில் இருந்த திருப்புளிக்குப் போனது.

"இது இருக்கட்டுங்க. இதையாச்சும் அடைக்காம விடுங்க" என்றாள்.

தரையில் சாக்கை விரித்து, வடுகபட்டியிலிருந்து கொண்டுவந்த பூண்டைக் கொட்டி, அம்மாவின் முறத்தை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டு பேர் ஒரு நாளெல்லாம் ஆய்கிற அளவு பூண்டு. நான் கொஞ்ச நேரம் ஜன்னலுக்கும் அவளுக்கும் நடுவே நின்றேன். பிறகு திருப்புளியை மேடைமேல் வைத்துவிட்டு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு கை அள்ளினேன்.

"தோல மட்டும் உரிங்க. பல்லைப் பிச்சுராதீக" என்றாள்.